மேசையில் கிடந்தவர் சொன்ன பதில்

தோபி காட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்து ஆர்ச்சர்ட் சாலையின் தொடக்கத்தைப் பார்த்தால் ஒய்எம்சிஏ கட்டடம் கண்ணில் படும். சாலையின் ஒன்றாம் எண் முகவரி அதுதான். பிள்ளைகளைத் தேசிய அரும்பொருளகத்துக்கு அழைத்துப்போகும் பெற்றோர், பிளாசா சிங்கப்பூராவில் நண்பர்களைப் பார்க்க ஓடும் இளையர்கள் என்று எல்லாரும் அதைக் கடந்துதான் போகிறோம். இப்போது நிற்பது 1984ல் திறக்கப்பட்ட கட்டடம். அதற்குமுன் அதே இடத்தில் 1911ல் திறந்த சிவப்புச் செங்கல் கட்டடம் ஒன்று இருந்தது. 1981ல் இடித்துவிட்டார்கள். இடித்தபோது வருத்தப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள், ‘அப்பாடா’ என்று மூச்சு விட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஏனென்றால் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அந்தப் பழைய கட்டடம், கெம்பெய்த்தாய் என்ற ராணுவப் போலிசின் கிழக்கு வட்டாரத் தலைமையகம். அதைச் சொல்லும் நினைவுப் பலகை ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது.

வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு அந்த இடத்தின்மேல் தனி அக்கறை உண்டு. வானொலி கேட்டதற்காக மனிதர்களை அடித்த இடம் அது. “இப்பல்லாம் யாரு ரேடியோ கேக்குறா?” என்று என்னிடம் கேட்காத உறவினர் கிடையாது. 1943ல் கேட்டார்கள். சாங்கி சிறையில் அடைபட்டிருந்த ஐரோப்பியக் குடிமக்கள், ஒளித்துவைத்த பெட்டிகளில் வெளியுலகச் செய்தியைக் கேட்டு ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குக் கடத்தினார்கள். போர் எந்தப் பக்கம் சாய்கிறது, வீடு திரும்ப வழி உண்டா என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்த செய்தி. நம்பிக்கை என்ற சொல்லுக்கு அன்றைக்குப் பொருள், கரகரவென்று வந்த அந்தச் சத்தம்தான்.

அந்த ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி இரவு, ஆஸ்திரேலியாவிலிருந்து மீன்பிடிப் படகில் வந்த ஒரு சிறு படை, மடக்குப் படகுகளில் துடுப்புப் போட்டு நம் துறைமுகத்துக்குள் நுழைந்தது. கப்பல்களின் பக்கவாட்டில் வெடிகளை ஒட்டிவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனது. ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமடைந்தன. வெளியிலிருந்து வந்து ஒருவர் இப்படிச் செய்துவிட்டுப் போக முடியும் என்று ஜப்பானியருக்குத் தோன்றவில்லை. சாங்கி சிறைக்குள் இருப்பவர்கள்தான் வானொலிவழி தகவல் கொடுத்து இதை நடத்தியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். அக்டோபர் 10ஆம் தேதி சிறையைப் புரட்டிப்போட்டுச் சோதனை. பத்தாம் மாதம் பத்தாம் தேதி என்பதால் வரலாற்றில் இதற்கு ‘இரட்டைப் பத்து’ சம்பவம் என்று பெயர். மொத்தம் 57 பேர் பிடிபட்டார்கள். 15 பேர் உயிரோடு திரும்பவில்லை. துறைமுக வெடிப்புக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை.

பிடிபட்டவர்களில் ஒருவர் லெனர்ட் வில்சன். சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயர். 45 வயது. அக்டோபர் 17ஆம் தேதி அவரை ஒய்எம்சிஏவுக்குக் கொண்டுபோனார்கள்.

இவர் கதையைக் கேட்டு, ‘இன்னொரு தியாகி கதைதானே’ என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. எனக்கும் தியாகிகள் கதையில் ஒரு சங்கடம் உண்டு. அவர்கள் பயப்படுவதே இல்லை. படிக்கிற நமக்கோ மருத்துவமனையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தாலே கை நடுங்குகிறது. வில்சன் அப்படிப்பட்ட தியாகி அல்லர். 1946 அக்டோபரில், போர் முடிந்து ஓராண்டு கழித்து, பிபிசி வானொலியில் அவர் ஒரு பிரசங்கம் செய்தார். வானொலியின் பெயரால் அடி வாங்கியவர் அதே வானொலியில் பேசினார். அந்த உரையில் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை நிறுத்தியது. முதல் நாள் அடி வாங்கிய பிறகு, தைரியம் கொடு என்று கடவுளிடம் கேட்கவே அவருக்குப் பயமாக இருந்ததாம். கேட்டால் கொடுத்துவிடுவாரே, கொடுத்தால் அதைப் பயன்படுத்த இன்னொரு அடி வந்துவிடுமே என்ற பயம்.

ஒரு பேராயர் இதைச் சொல்கிறார், அதுவும் ஊரே கேட்கும் ஒலிபரப்பில். இத்தனை ஆண்டுகளில் நான் கேட்ட எத்தனையோ சாட்சிகளில் இவ்வளவு உண்மையாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

அந்தக் கட்டடத்தின் செல்கள் எப்படி இருந்தன என்பது பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்தது. சின்ன அறைக்குள் ஆணும் பெண்ணும் கலந்து நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். காலையிலிருந்து இரவு வரை முதுகை நிமிர்த்தி அசையாமல் இருக்க வேண்டும். பேசக்கூடாது. இரவெல்லாம் விளக்கு எரியும். படுக்கை கிடையாது. செல்லுக்குள்ளேயே இருந்த கழிப்பறையின் தண்ணீர்தான் குடிக்கவும் கழுவவும். வில்சனை விசாரணை அறையில் ஒரு மேசைமேல் கட்டிப்போட்டு, மணிக்கணக்கில், ஆள் மாற்றி ஆள் அடித்தார்கள். நடுவில் ஒருவன் அவரிடம் கேட்டான்: இன்னும் கடவுளை நம்புகிறாயா? அவர் ஆம் என்றார். அப்படியானால் உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை?

அவர் சொன்ன பதிலின் சாரம் இது: காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறார். வலியிலிருந்து தப்பவைத்து அல்ல, வலியைத் தாங்கும் மனத்தைக் கொடுத்து.

இந்தப் பதிலை எங்கள் அலுவலகத்தில் ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் எதையும் நம்பாதவர், ஆனால் எதையும் கவனமாகக் கேட்பவர். “இது எப்படிப் போட்டாலும் ஜெயிக்கிற சீட்டு” என்றார். “தப்பிச்சா கடவுள் காப்பாத்தினார். தப்பிக்கலேன்னா தாங்குற சக்தி குடுத்தார். தாங்க முடியாம செத்துப்போனா? அந்தப் பதினஞ்சு பேரு?” நியாயமான கேள்வி. அந்த 15 பேரும் கடவுளை நம்பாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சிங்கப்பூர் வீழ்ந்த சில நாள்களில் கூட்டிச்செல்லப்பட்டுக் கடற்கரைகளில் சுடப்பட்ட சீனர்கள், மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்கு ஏற்றிச்செல்லப்பட்டுக் காட்டிலேயே மடிந்த பல்லாயிரம் தமிழர்கள், இவர்களெல்லாம் கும்பிடாத சாமியா? மாரியம்மனை அழைத்தபடி செத்திருப்பார்கள், மாதாவை அழைத்தபடி செத்திருப்பார்கள். அவர்களுக்கு எந்த மனம் கொடுக்கப்பட்டது என்று யாரிடம் போய்க் கேட்பது?

நண்பருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். வில்சன் அந்தப் பதிலை யாருக்காகச் சொன்னார்? தன் ஒருவருக்காக மட்டும். மேசையில் கிடந்தபடி, தன் முதுகின் செலவில் சொன்னார். பக்கத்துச் செல்லில் கிடந்தவரைப் பார்த்து ‘கடவுள் உனக்குத் தாங்கும் சக்தி கொடுப்பார்’ என்று அவர் உபதேசம் செய்யவில்லை. ஒரே வாக்கியம்தான். அடிபடுகிறவன் சொன்னால் அது விசுவாசம். அடிபடாதவன் அடிபடுகிறவனைப் பார்த்துச் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

இதை நான் வெறுமனே எழுதவில்லை. சில மாதங்களுக்குமுன் எங்கள் இரவு நிகழ்ச்சிக்கு ஒரு குரல்பதிவு வந்தது. ஒலிபரப்ப வேண்டாம் என்ற வேண்டுகோளோடு. பிறகு கேட்டபோது, பெயர் போடாமல் எழுதலாம் என்றார். நாற்பதுகளில் இருக்கும் குடும்பத்தலைவர். ஆட்குறைப்பில் வேலை போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பை நிறுத்தியாகிவிட்டது. காரை விற்றாகிவிட்டது. அவர் அழுதது இவற்றுக்காக அல்ல. ஜெபக்கூட்டத்தில் ஒருவர் அவர் தோளைத் தட்டி, “அண்ணே, உங்க விசுவாசத்துல எங்கயோ ஓட்டை இருக்கு. அதை அடைச்சிட்டா கதவு திறந்துடும்” என்று சொல்லியிருக்கிறார். குரல்பதிவில் அவர் கேட்டது ஒன்றுதான்: “எவ்வளவு விசுவாசம் இருந்தா போதும்னு யாராச்சும் ஒரு அளவு சொல்வாங்களா? கிலோவா, லிட்டரா?”

சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். நம் ஊரில் இந்தப் பேச்சு காற்றோடு கலந்தது. நேர்ச்சை வைத்தால் நடக்கும், நோன்பு இருந்தால் நடக்கும், காணிக்கை கொடுத்தால் பத்து மடங்கு திரும்பும். எல்லாச் சமயத்திலும் இந்த வியாபாரம் உண்டு, கிறிஸ்தவத்தில் மட்டும் என்று சொல்லமாட்டேன். சேமநிதிக்கு மாதாமாதம் கட்டுவதுபோல விசுவாசத்தைக் கட்டிக்கொண்டு வந்தால், கஷ்டகாலத்தில் வட்டியோடு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. எடுக்கப் போகும்போது கையில் எதுவும் கிடைக்கவில்லை என்றால், கணக்கு சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. நீ ஒழுங்காகக் கட்டவில்லை என்று சொல்கிறார்கள். ஏற்கெனவே வேலை போனவனிடமிருந்து கடவுளையும் பிடுங்கிவிடுகிறார்கள்.

வேதாகமத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் இதைச் சொல்வதுதான் வேடிக்கை. அதில் யோபுவின் கதை இருக்கிறது. பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள். அதன்பிறகு வாயைத் திறந்தார்கள், ‘நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும்’ என்று. கதையின் கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது இந்த நண்பர்களிடம்தான். அதுவரை கடவுளையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்த யோபுவை, சரியாகப் பேசினவன் என்கிறார். தானியேல் புத்தகத்தில் சூளையில் போடப்படவிருந்த மூன்று இளைஞர்களும் ராஜாவிடம் சொன்னது இதே ரகம்தான். எங்கள் தேவன் காப்பாற்ற வல்லவர், காப்பாற்றாமல் விட்டாலும் உம்முடைய சிலையைக் கும்பிடமாட்டோம். அந்த இரண்டாவது பாதியைப் பலர் பிரசங்கத்தில் விட்டுவிடுகிறார்கள். முதல் பாதி சுவரொட்டிக்கு அழகாக இருக்கிறது.

நம் பக்கத்திலும் அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்ட கதை உண்டு. ஏழு நாள் கழித்துத் திறந்தபோது அவர் வாடாமல் உட்கார்ந்திருந்தார் என்கிறது பெரிய புராணம். சிராங்கூன் சாலை வட்டாரத்தையே நம் தாத்தா பாட்டிகள் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றுதான் அழைத்தார்கள். அங்கிருந்த சுண்ணாம்புச் சூளைகளைப் பார்த்தபடி இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள் இருந்திருக்க வேண்டும். சூளை குளிர்ந்த கதைகள் நமக்கு வேண்டும்தான். ஆனால் சூளை குளிராதபோதும் ஒருவர் நின்றார் என்ற கதைதான் ஏழு மாதமாக வேலை இல்லாதவருக்கு உபயோகம்.

வில்சனின் பதிலை அவருக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை. மேலே சொன்ன காரணம்தான். அது அவர் தனக்குத் தானே கண்டுபிடிக்க வேண்டிய பதில். வெளியிலிருந்து நான் நீட்டினால் அதுவும் இன்னொரு தோள்தட்டல். அப்படியானால் வெளியில் நிற்பவர்களுக்கு என்னதான் வேலை?

இதற்கும் அதே ஒய்எம்சிஏவில் ஒரு விடை இருக்கிறது. எலிசபெத் சோய் என்ற பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளி ஆசிரியர், அவரும் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். ஜப்பானியர் ஆட்சியில் அவரும் கணவர் சோய் குன் ஹெங்கும் மருத்துவமனை ஒன்றில் சிற்றுண்டிச்சாலை நடத்தினார்கள். சாங்கி கைதிகளில் நோயாளிகளை அங்கே கொண்டுவருவார்கள். அவர்கள் திரும்பிப் போகும்போது அவர்களோடு உணவு, மருந்து, பணம், கடிதம் எல்லாம் உள்ளே போகும். வானொலிப் பெட்டிக்கு வேண்டிய பாகங்களும் போகும். உள்ளே இருந்தவர்களுக்கு அவர் பொறுமையைப் பற்றி எழுதியனுப்பவில்லை. பாகங்களை அனுப்பினார்.

1943 நவம்பரில் அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏறத்தாழ 200 நாள் அந்தச் செல்லில் இருந்தார். ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். கணவர் பார்க்க, மின்சாரம் பாய்ச்சினார்கள். போர் முடிந்ததும் தன்னைச் சித்திரவதை செய்தவர்களின் பெயரைச் சொல்லச் சொன்னபோது, அவர்கள் தூக்குக்குப் போவதை அவர் விரும்பவில்லை. போர்தான் தீயது, போர் இல்லாவிட்டால் அவர்களும் குடும்பத்தோடு சாதாரண மனிதர்களாக இருந்திருப்பார்கள் என்பது அவர் நிலை. பின்னாளில் பார்வையற்றோர் பள்ளியின் முதல் தலைமையாசிரியராக இருந்தார். 2006ல் காலமானார்.

இன்னொருவர் எதிரிப் பக்கத்தில் இருந்தார். லெப்டினன்ட் ஆண்ட்ரூ ஒகாவா. ஜப்பானிய அதிகாரி, கல்வி, சமய விவகாரங்களுக்குப் பொறுப்பானவர், அவரும் ஆங்கிலிக்கன். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தபோது பெரும்பாலான ஐரோப்பியரை அடைத்தார்கள். பேராயரும் அவரோடு இரண்டு குருமாரும் ஓராண்டுக்குமேல் வெளியே நடமாட முடிந்தது என்றால் அது ஒகாவா வாங்கிக்கொடுத்த அனுமதி. ஆலயக் கதவுகள் பூட்டப்படாமல் இருந்ததிலும் அவர் கை உண்டு. இதற்காக மேலதிகாரிகளிடம் என்னென்ன பேச்சுக் கேட்டிருப்பார் என்று ஊகிக்கத்தான் முடியும். பிறகு அவர் சுமத்ராவுக்கு மாற்றலாகிப் போனார். 1943 மார்ச்சில் வில்சன் சாங்கி சிறைக்குப் போனார்.

போவதற்குமுன் பொறுப்புகளை ஆசியக் குருமாரிடம் ஒப்படைத்தார். அவர்களில் ஒருவர் தமிழர், டாக்டர் டி.டி. செல்லையா. செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். நீரிணைக் குடியிருப்புகளின் கல்விக்கொள்கை வரலாற்றை ஆராய்ந்து லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அதுவரை வெள்ளைக்காரர் இல்லாமல் சபை நடக்குமா என்பது கேள்வியாகவே இருந்தது. பேராயர் சிறையில் இருக்க, நகரமே பசியில் இருக்க, மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு இவர்கள் ஞாயிறு ஆராதனையை நடத்தினார்கள், செத்தவர்களை அடக்கம் செய்தார்கள். பெயர் நிலைத்தது வில்சனுக்குத்தான். செல்லையாவைப் பற்றி நம் பிள்ளைகள் படிக்க ஒரு நல்ல தமிழ்ப் புத்தகம் வந்தால் முதல் பிரதியை நான் வாங்குவேன்.

வில்சன் 1944 மே மாதம்வரை கெம்பெய்த்தாயிடம் இருந்தார். அவரது வானொலி உரையில், அடிப்பவர்களை மன்னியும் என்று தான் முணுமுணுத்ததைச் சொல்கிறார். சொல்லும்போதே, உண்மையாகத்தான் சொல்கிறேனா, இல்லை நாடகமாடுகிறேனா என்ற சந்தேகம் அவருக்கு வந்ததாம். ஏனென்றால் சுற்றி நின்ற முகங்கள் அவ்வளவு கொடூரமாக இருந்தன. சிலர் ரசித்து அடித்தார்கள். அப்போது அவருக்கு ஒன்று தோன்றியது. இவர்களும் ஒருகாலத்தில் அண்ணன் தங்கையோடு விளையாடிய குழந்தைகள்தானே, அம்மா அப்பா கொஞ்சிய குழந்தைகள்தானே. குழந்தைகளை வெறுப்பது சுலபமில்லை. அதோடும் நிற்கவில்லை. இவர்கள் இனி எப்படி ஆகக்கூடும் என்றும் பார்க்க முயன்றதாகச் சொல்கிறார். கட்டிப்போட்ட நிலையில் இதையெல்லாம் ஒரு மனிதர் நினைத்தார் என்பதை வேறு யாராவது எழுதியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். நாடகமாடுகிறேனோ என்று தன்னையே சந்தேகப்பட்டவர் சொல்வதால் நம்புகிறேன்.

போருக்குப் பிறகு, கயிற்றைக் கையில் பிடித்துத் தன்னை மிரட்டிக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் கிறிஸ்தவராகி, திடப்படுத்தல் பெற வந்து அவர் முன் மண்டியிட்டார். ஞானஸ்நானம் பெற்றவர் தன் வாயாலேயே விசுவாசத்தை ஏற்று நிற்கும் சடங்கு அது. பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். வில்சன் கைவைத்தார்.

இதைச் சொல்லும்போது மற்றதையும் சொல்லவேண்டும். 1946 மார்ச், ஏப்ரலில், இப்போது தேசியக் கலைக்கூடமாக இருக்கும் பழைய உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் ‘இரட்டைப் பத்து’ வழக்கு நடந்தது. 21 பேர்மீது குற்றச்சாட்டு. எட்டுப் பேருக்கு மரண தண்டனை, ஏழு பேருக்கு விடுதலை, மற்றவர்களுக்குச் சிறை. மன்னிப்பு ஒரு பக்கம் நடந்தது, நீதி ஒரு பக்கம் நடந்தது. 15 குடும்பங்கள் இருந்தன, அவர்களில் யாரும் மன்னிக்கக் கடமைப்பட்டவர்கள் இல்லை. வில்சன் தன்னை அடித்தவரைத்தான் மன்னிக்க முடியும், இன்னொருவர் கணவனைக் கொன்றவரை மன்னிக்க அவருக்கு உரிமை இல்லை. கஷ்டத்தில் இருப்பவர்களிடம் ‘மன்னிச்சு விட்டுடுங்க, மனசு லேசாகும்’ என்று அவசரப்படுத்துகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் போகிறவர்கள் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். எந்த மதத்தினராக இருந்தாலும் சரி. சிங்கப்பூர் வீழ்வதற்குமுன் கடைசி நாள்களில் அதை அவசர மருத்துவமனையாக்கி, காயம்பட்டவர்களைக் கிடத்தியிருந்தார்கள். அதைக் கட்டியவர்கள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். 1862ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அந்தக் கட்டடத்தின் சுவரில் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர் விட்டு, பூசிக் காய்ந்தபிறகு தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். கல் மாதிரி நிற்கும். காலில் சங்கிலியோடு வந்தவர்கள் கைவேலை அது. அவர்கள் பெயரெல்லாம் எந்தப் பலகையிலும் இல்லை.

குரல்பதிவு அனுப்பியவருக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. தொலைபேசியில் அழைத்துப் பேசினேன், அதைவிட அதிகம் கேட்டேன். மனிதவளத் துறையில் வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவர் அவருடைய தன்விவரக் குறிப்பைத் திருத்திக்கொடுத்தார். அம்மாவை டயாலிசிஸ் நிலையத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் அழைத்துப்போக, அதே புளோக்கில் இருக்கும் ஒரு மலாய்க்காரர் முன்வந்திருக்கிறார், டாக்சி ஓட்டுபவர். அந்த மக்சிக் ஏறும்போதும் இறங்கும்போதும் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறார் என்று இவர் சொன்னபோது குரல் கொஞ்சம் தெளிவாக இருந்தது. மக்சிக் என்றது அந்த டாக்சிக்காரரின் மனைவியை. அவரும் கூட வருகிறார். வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஜெபக்கூட்டத்துக்கு மறுபடி போகிறார், ஆனால் பின்வரிசையில் உட்காருகிறாராம், தோளைத் தட்ட வசதியில்லாத இடம் பார்த்து.

வில்சன் இருந்த செல்லின் பின்பக்கம், உயரத்தில் கம்பி போட்ட சிறு சன்னல் ஒன்று இருந்தது. விடியற்காலையில் அதன்வழியே மாங்குயில் கத்துவது அவருக்குக் கேட்கும். சிவப்பாகப் பூத்த குல்மோகர் மரம் தெரியும். மரத்துக்குப் பின்னால் வெஸ்லி மெதடிஸ்ட் ஆலயத்தின் உச்சி கொஞ்சம் தெரியும். தினமும் காலையில் சார்ல்ஸ் வெஸ்லி எழுதிய ஒரு கீர்த்தனையை மனத்துக்குள் சொல்லிக்கொண்டதாக அந்த உரையில் குறிப்பிடுகிறார்.

சன்னல் இப்போது இல்லை, கட்டடத்தோடு போய்விட்டது. வெஸ்லி ஆலயம் ஃபோர்ட் கேனிங் சாலையில் அப்படியே நிற்கிறது, ஒய்எம்சிஏவிலிருந்து நடந்து போகும் தூரம். மாங்குயிலும் நம் ஊரை விட்டுப் போகவில்லை. மஞ்சள் உடம்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. பேருந்துச் சத்தம் தொடங்குவதற்குமுன், ஆறரை மணி வாக்கில் போனால் ஃபோர்ட் கேனிங் மரங்களில் கேட்கலாம்.